தலைவர் குனிந்த பக்கம்

பல்செட்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதுவிட்டார். ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பைச் செய்து கொடுத்த மனிதருக்குத் தன் உதடு நடுங்குவதை நிறுத்தத் தெரியவில்லை.

"சார், இன்னிக்குச் சாயங்காலம் என்னைத் திருடன்னு மைக்குல சொல்லப் போறாங்க."

எதிரே இருந்தவர் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்த் தீ விபத்துகளைத் துருவி ஓய்வு பெற்றவர். எதற்கும் அலட்டிக்கொள்ளாததால் ஊர் வைத்த பெயர் நிதானம்.

"யாரு சொல்லப் போறாங்க?"

"பில்லியர்ட்ஸ் சங்கத் தலைவர்."

"அப்ப நேரம் நிறைய இருக்கு. அவர் வரவேற்புரையை முடிக்கவே இருட்டிடும். உட்காருங்க."

உள்ளேயிருந்து நிதானத்தின் மச்சான் பாய்ந்து வந்தான். மனைவியின் தம்பி, தடயம் சேகரிக்க எப்போதும் சட்டைப்பை நிறைய பிளாஸ்டிக் உறைகள் வைத்திருப்பவன். வந்த வேகத்தில் பல்செட்காரரின் செருப்பையே உறைக்குள் போடப் பார்த்தான்.

"அது கட்சிக்காரரோட செருப்புடா," என்றார் நிதானம்.

பல்செட்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். வருடா வருடம் போட்டியில் கலந்துகொள்வார். வருடா வருடம் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்துவிடுவார். சீட்டுக் குலுக்கலில் அவர் பெயர் யாருக்கு விழுகிறதோ அந்த ஆளை மற்றவர்கள் கைகுலுக்கி வாழ்த்துவார்கள். இந்த முறை எப்படியோ அரையிறுதி வரை வந்தார். நேற்று அரையிறுதியில் நடப்புச் சாம்பியனையும் வென்றார். சாம்பியன், தலைவரின் மாப்பிள்ளை.

"கைதட்டு அடங்கல சார். தலைவர் என் பையைப் பிரிச்சு, கோலால அடிக்கற வெள்ளைப் பந்து மாதிரியே ஒண்ணை எடுத்துக் காட்டினாரு. முதல் அடியிலேர்ந்து கடைசி அடி வரைக்கும் நான் இதை வச்சுத்தான் ஆடினேனாம். முடிஞ்சதும் மேசைப் பந்தைத் திரும்ப வச்சுட்டேனாம். பல்லையே செய்யறவனுக்குப் பந்து செய்யத் தெரியாதான்னு கேக்கறாரு. பந்தோட அடியில மஞ்சளாப் பிசுபிசுன்னு ஒரு கறை. அது பல்செட் பசையாம்."

"பந்தைக் கையில வாங்கிப் பார்த்தீங்களா?"

"யாரையும் தொட விடல. கோப்பை இருக்கற கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு. சாவி அவர்கிட்டதான்."

"ஆட்டத்துல விசேஷமா ஏதாவது நடந்ததா?"

"நடுவுல மாப்பிள்ளை அடிச்ச வெள்ளை குழிக்குள்ள விழுந்துச்சு. அப்படி விழுந்தா முறை எதிராளிக்கு. நான் மேசை ஓரத்துல போய்க் கையேந்திக்கிட்டு நின்னேன். கடகடன்னு உருண்டு வந்து கைக்குள்ள விழுந்துச்சு. அதுலேர்ந்துதான் என் ஆட்டம் ஏறுச்சு."

நிதானம் கண்ணை மூடித் திறந்தார். பல்செட்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"சங்கத்தை விட்டுத் தள்ளினா தள்ளட்டும் சார். என் வீட்டுக்காரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. 'நிஜமா நீங்கதான் ஜெயிச்சீங்களா?' என்னால ஆமான்னு சட்டுனு சொல்ல முடியல. நான் ஜெயிச்சதா சரித்திரமே இல்லையே! அப்பவே முகத்தைத் திருப்பிக்கிட்டா. இப்ப எனக்கே என்மேல சந்தேகமா இருக்கு."

நிதானம் மச்சானின் காதில் ஏதோ சொன்னார். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

டயர் கடைக்குக் கீழே இருந்தது விளையாட்டுக் கூடம். ரப்பர் வாடையும் கோல்நுனியில் தேய்க்கும் சாக்குக்கட்டித் தூளும் கலந்த காற்று. நடுவில் காசு போட்டு ஆடும் மேசை. பல்செட்காரர் நுழைந்ததும் பேச்சு நின்றது. நேற்று முதுகில் தட்டிய கைகள் இன்று பாக்கெட்டுக்குள் போய்விட்டன. இறுதி ஆட்டத்தில் அவர் மோத வேண்டிய பஸ் டிரைவர் அக்கா மட்டும் கோலைத் துடைத்தபடியே, "வாங்கண்ணே" என்றார். பல்செட்காரர் அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார்.

கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த பேனரின் நுனியை நிதானம் விரலால் விலக்கினார். மாப்பிள்ளையின் முகம், கீழே 'மீண்டும் வாகை சூடிய மாவீரரே!' அரையிறுதியில் தோற்ற மாவீரர் மூலையில் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி அலமாரியில் புதுக் கோப்பை பளபளத்தது. இரண்டு பித்தளைக் கோல்கள் குறுக்காக நிற்க, அவற்றின் உச்சியில் கிண்ணம் போல் ஒரு குழிவு. அதில் ஒன்றுமில்லை.

"கோப்பைக்குத் தலையைக் காணோமே?" என்றார் நிதானம்.

"நவீன வடிவமைப்பு," என்றார் தலைவர். "வெறுமையைக் குறிக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்குப் புரியக் கொஞ்சம் காலமாகும்." மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோல்தான் அவர் பேசுவார். அந்தக் காலத்தில் தாம் தொடாத கோப்பை இல்லை என்பார். அவர் கோலைத் தொட்டதைப் பார்த்தவர் மட்டும் கூடத்தில் எவருமில்லை. கேட்டால் முதுகுவலி.

மச்சான் திரும்பி வந்தான். கூடவே பல்செட்காரரின் மனைவி. கணவரைப் பார்க்காமல் மேசையின் கோடியில் போய் நின்றுகொண்டார்.

"தலைவரே, சின்னச் சோதனை," என்றார் நிதானம். "அந்தப் பந்தை எடுத்து, நீங்களே குழிக்குள்ள போடுங்க. முன்னாள் சாம்பியன் கையால போட்டாத்தானே மரியாதை?"

மறுத்தால் கௌரவம் போய்விடும். தலைவர் பந்தை எடுத்துவந்து குழிக்குள் போட்டார்.

"வெளியே வரும்ல, பிடிங்க."

தலைவர் முதுகுவலியை மறந்து குனிந்தார், காசு போடும் பக்கம். கையேந்திக் காத்திருந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஐயா, வெள்ளை அந்தக் கோடியில வரும்," என்றார் டிரைவர் அக்கா. தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டு அந்தக் கோடிக்கு நடந்து மறுபடி குனிந்தார். பந்து அங்கேயும் வரவில்லை.

"வராது," என்றார் நிதானம். "இந்த மேசையோட வெள்ளைப் பந்து மத்ததைவிட இம்மி பெரிசு. கலர்ப் பந்தெல்லாம் உள்ள ஓட்டையில விழுந்து, அடுத்த காசு போடற வரைக்கும் அடைஞ்சு கிடக்கும். வெள்ளை அந்த ஓட்டையில நுழையாம மேலயே உருண்டு தனி வாய் வழியா வந்துடும். நீங்க போட்டது கலர்ப் பந்து அளவு. உள்ள மாட்டிக்கிச்சு. நேத்து ஆட்டத்து நடுவுல வெள்ளை குழிக்குள்ள விழுந்து, திரும்பி வந்ததா இல்லையா?"

"வந்துச்சு," என்றது கூட்டம்.

"அப்ப அது மேசையோட பந்துதான். இவர் மாத்தவே இல்லை. பையில இருந்ததை வேற யாரோ வச்சிருக்காங்க. இந்த மேசையில ஒரு தடவை ஆடினவன்கூட இந்த அளவுல பந்தை வைக்க மாட்டான். அப்ப வச்சவர் ஆடத் தெரியாதவர்."

அத்தனை முகங்களும் இன்னும் பாதி குனிந்திருந்த தலைவர் பக்கம் திரும்பின.

நிதானம் காசு போட்டார். பந்துகள் தடதடவென்று கொட்டின. வெள்ளையைப் பொறுக்கி, திறந்தே கிடந்த அலமாரியில் கோப்பையின் குழிவுக்குள் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. குழிவில் மிச்சமிருந்த மஞ்சள் பசை, பந்தின் கறையோடு பொருந்தியது.

"வெறுமை நிறைஞ்சுடுச்சு," என்றார்.

"அத்தான், உறையில போடட்டுமா?" என்றான் மச்சான்.

"எதை, தலைவரையா?"

மாப்பிள்ளை எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. "தோத்தா தோத்துட்டுப் போறேன், மாமா. இனி நான் எப்பவாவது ஜெயிச்சா எவன் நம்புவான்?" பல்செட்காரரிடம் திரும்பி, "மன்னிச்சுடுங்கண்ணே, நேத்து நீங்க நல்லாவே ஆடினீங்க" என்றார். தலைவர் அவசர வேலை என்று படியேறினார். அன்று அவர் உரை நிகழ்த்தாததை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

இறுதி ஆட்டம் நடந்தது. டிரைவர் அக்கா பந்துகளை நிறுத்தம் நிறுத்தமாக இறக்கிவிட்டுக்கொண்டே போனார். பல்செட்காரருக்கு வாய்த்தது ஒரே ஒரு முறை. குறி பார்த்து அடித்தார். வெள்ளை, தொட வேண்டியது எதையும் தொடாமல் நேரே குழிக்குள் விழுந்தது. அதோடு ஆட்டம் கைநழுவியது.

மேசைக்குள் கடகட சத்தம். அந்தக் கோடியில் மனைவி நின்றிருந்தார். யாரும் சொல்லாமலே கையேந்தினார். பந்து உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து, கணவரிடம் நீட்டினார்.

"நேத்தும் இப்படியேதான் வந்துச்சா?"

"ஆமா," என்றார் பல்செட்காரர். இந்த முறை சட்டென்று வந்தது.