இடுப்பில் கட்டிய வண்டி

“பிடியுங்கோ... ஐயோ, ஆராவது அதைப் பிடியுங்கோ!”

தனுஷா கத்தி முடிப்பதற்குள் வண்டி பாதி இறக்கத்தைத் தாண்டிவிட்டது. அதை அவள் இடுப்போடு பிணைத்திருந்த பெல்ட் எப்படிக் கழன்றது? தெரியவில்லை. கூடாரம், படுக்கை, அடுப்பு, இரண்டு நாள் சாப்பாடு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, இரண்டு சில்லுகளும் சரளைக் கல்லில் துள்ளத் துள்ள, ஆக்லாந்துக்குப் பக்கத்து வைத்தாக்கெரே மலைப்பாதையில் அது தன்பாட்டுக்கு ஓடியது. நேரே கீழே... குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவனை நோக்கி!

அவன் நிமிர்ந்தான். விலகியிருக்கலாம். விலகவில்லை. இரண்டு கைகளாலும் வண்டியைக் கட்டிப்பிடித்தான். வண்டி அவனைச் சேற்றில் சாய்த்தது.

கடவுளே, ஆளைக் கொன்றுவிட்டேனோ... அவள் ஓடி இறங்கினாள்.

சேற்றிலிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. மழைத்துளி தொங்கிய இமைகள்... அவற்றுக்கு நடுவே ஒரு சிரிப்பு.

“ஏங்க, அறிமுகமே இல்லாத ஆளு மேல இப்படித்தான் வண்டிய ஏத்துவீங்களா?”

தமிழ்! அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. வெள்ளைக்காரன் என்றால் ஒரு ‘சாரி’யோடு முடிந்திருக்கும். தமிழன் என்றால் ஊர் கேட்பான், அப்பா பெயர் கேட்பான். கதை கோயிலுக்குப் போகும். கோயிலிலிருந்து அம்மாவின் காதுக்கு...

“காயம் பட்டதோ?”

“பட்டுச்சு லா. மானத்துல.”

பெயர் சிவனேசன். மலேசியாவில் ஈப்போ. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. அவள் மலைநடைக்குப் போகும் அதே ட்ராம்பிங் கிளப்பில் சேர்ந்து, இந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்குத்தான் முதல்முறையாக மலைக்கு வந்திருந்தான். சேற்றைத் துடைக்காமல் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“கோல்ஃப் வண்டிச் சக்கரம்தானே இது?”

“ஓம். ஹில்ஸ்பரோவில ரோட்டோரம் எறிஞ்சு கிடந்தது. பெல்ட், பழைய கார் சீட்டில கழட்டினது. அப்பா பென்ரோஸில வெல்டர். அவர்தான் செய்தவர்.”

“அப்பா ஜீனியஸுங்க! நாங்கல்லாம் முதுகு ஒடியத் தூக்கிட்டு வரோம். நீங்க மட்டும் மகாராணி மாதிரி தேர் இழுத்துட்டு...”

“மகாராணி தேர் இழுக்கிறேல்லை. குதிரைதான் இழுக்கும்.”

“சரி லா, நான் ஒண்ணும் சொல்லல.” அவன் சிரித்தான். “ஆனா ஏன் நீங்க மட்டும் பை தூக்கல?”

அவள் கை தானாக ஈரச் சட்டையை இழுத்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில், பதின்மூன்று வயதில், முதுகெலும்புக்குப் பக்கத்தில் பாய்ந்த ஷெல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எடுத்தால் ஆபத்து. தோளில் பாரமே ஏற்றக்கூடாது என்றார் டொக்டர். நாலாவது ஆளுக்குத் தெரியக்கூடாது என்றாள் அம்மா. “நாளைக்குக் கலியாணம் பேசேக்க இது ஒண்டு போதும், வாற சம்பந்தம் எல்லாம் திரும்பிப் போக. ஆரும் கேட்டா, அப்பான்ர வண்டியைச் சோதிச்சுப் பாக்கிறன் எண்டு சொல்லு.”

“அப்பான்ர வண்டியை... சோதிச்சுப் பாக்கிறன்.”

அவன் நம்பிவிட்டான். அது அவளுக்கு ஏனோ வலித்தது.

பெரணி இலைகள் சொட்டச் சொட்ட இருவரும் நடந்தார்கள். அவன் பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள். பிறகு பாதை முடிந்து, மரக்கட்டைப் படிகள் செங்குத்தாக ஏறின. சில்லுகளுக்கு அங்கே வேலையில்லை.

“வண்டிய நான் தூக்குறேன். என் பைய நீங்க மாட்டிக்குங்க. கனமே இல்ல.” அவன் தன் பையின் பட்டிகளை விரித்து நீட்டினான்.

“வேண்டாம்.”

“அட, சும்மா மாட்டுங்க லா...” பட்டி அவள் தோளைத் தொட்டது.

“விடுங்கோ!” பயம் கோபமாக வெளியே வந்தது. “நான் என்ன உங்கட கூலியோ?”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்துவிட்டது.

“எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல கூலிதான்,” என்றான் மெதுவாக. “கப்பல்ல வந்தவரு. அவரு தூக்கின சுமையிலதான் நான் படிக்கிறேன். அந்த வார்த்தைய வையறதுக்கு எடுக்காதீங்க.”

பையை மாட்டிக்கொண்டான். ஏறத் தொடங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.

போகட்டும்... போனால் ரகசியம் தப்பிவிடும். ஆனால் அவள் தன்னைக் கேவலமாக நினைத்தாள் என்றே அவன் ஆயுளுக்கும் நினைப்பான். ஐந்து படி... ஆறு படி...

“நில்லுங்கோ! நான் உங்களைக் குறைவா நினைக்கேல்லை... எனக்குத் தூக்க ஏலாது!”

மழையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஷெல்லை, டொக்டரை, அம்மாவை. ஐயோ, என்ன செய்துவிட்டேன்!

அவன் ஒரு கேள்விதான் கேட்டான். “வலிக்குதா?”

“மழைக்குக் கொஞ்சம்...”

அவன் பையை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்தான். வண்டியைத் தலையில் ஏற்றினான். “இப்ப நான்தான் குதிரை, சரியா?” அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“என்னைப் பாவம் பாக்காதேங்கோ.”

கடைசிப் படியில் வண்டியை இறக்கி வைத்துவிட்டு அவன் மூச்சு வாங்கினான். “பாவம் பாக்கல. புடிச்சிருக்கு. ரெண்டும் வேற வேற, தனுஷா.”

அவள் தன் சப்பாத்தையே பார்த்தாள். “எனக்கும்...” என்றாள், மழைக்கு மட்டும் கேட்கும் குரலில். அவனுக்குக் கேட்டுவிட்டது.

மறுநாள் மத்தியானம் கார் பார்க்கில் அப்பாவின் வேன் நின்றது. பக்கத்தில் குடையோடு... அம்மா! அவளும் வருவாள் என்று யார் நினைத்தார்கள்? அம்மாவின் பார்வை வண்டியில் விழுந்தது. அதை இழுத்து வந்த புதியவனின் இடுப்பில் கட்டியிருந்த வண்டி பெல்ட்டில் விழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு அவர்களை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

ஏன் நீர் இழுக்கிறீர் என்றுதான் அம்மா முதலில் கேட்பாள். காரணம் தெரியும் என்று அவன் சொன்னால், மகள் அம்மாவின் சொல்லை மீறியவள். தெரியாது என்றால், அம்மாவிடம் அவன் பேசும் முதல் வார்த்தையே பொய்.

அம்மா இன்னும் பத்தடி தூரத்தில்.

“தனுஷா... சீக்கிரம்,” அவன் உதடு அசையாமல் கேட்டான். “எனக்குத் தெரியும்னு சொல்லட்டா, தெரியாதுன்னு சொல்லட்டா?”