பழைய கார்டின் இடம்

புது நெட்வொர்க் கார்டை மாட்டியாயிற்று. ஆனால் சர்வர் அதற்கு இரண்டாம் எண்ணைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்திருந்தது. முதலாம் எண் இன்னும் பழைய கார்டுக்குத்தான். அதுவோ கழற்றப்பட்டு அவள் கையில் கிடந்தது.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. எந்தக் கார்டுக்கு எந்த எண் என்று சர்வர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். பழையதன் வரியை அழிக்காமல் புதியதை மாட்டினால் இப்படித்தான் மல்லுக்கு நிற்கும். அண்ணன் இருந்திருந்தால் முதல் வேலையாக அதை அழித்திருப்பார்.

அண்ணன் என்று அவள் கூப்பிட்டது எதிர்மேசைக்காரரை. மூன்று மாதம் முன்பு, ஜன்னலில்லாத இதே அறையில், இதேபோல் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் செத்துப்போனார். ஞாயிறு நான்கு மணிக்கு, கதவோரப் பெட்டியில் விரல் வைத்து உள்ளே வந்தவர்களின் பட்டியல் காலியாக இருந்தால், கதவு தானாகப் பூட்டிக்கொண்டு மூச்சை அடைக்கும் தீயணைப்பு வாயுவின் சோதனை ஓடும். அன்று பட்டியலில் அண்ணன் பெயர் நின்றது. "தூக்கிடுங்க, வழக்கம்போல விரல் வைக்க மறந்துட்டுப் போயிருப்பாரு" என்று காவலாளியிடம் போனில் சொன்னவள் அவள்தான். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விசாரணையில், அவர் நுழையும்போதே விரல் வைக்கவில்லை என்று கூசாமல் எழுதிக் கொடுத்தாள். அவர் மனைவி, அண்ணி, அதைப் படித்துவிட்டு மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அந்தக் கசப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

பழைய வரியை அழித்தாள். சர்வரை நிறுத்தி எழுப்பினாள். காற்றாடிகளின் இரைச்சல் அடங்கி, தூசி சுடும் வாடையோடு மெல்ல மெல்ல மறுபடி பெருகியது. திரையில் எழுத்துகள் ஓடி நின்றன.

புதுக் கார்டு, இரண்டு. முதல் இடத்தில் பழையது. இணைப்பு, உண்டு.

உள்ளங்கை சுட்டது. குனிந்து பார்த்தாள். பழைய கார்டில் பச்சை விளக்கு சிமிட்டியது.

போன் அடித்தது. எடுத்தாள்.

"மேடம், மணி நாலாகப் போகுது. லிஸ்ட்ல உங்க பேரு இல்ல, கிளம்பிட்டீங்க போல. ஆனா செத்துப்போன சார் பேரு உள்ள நிக்குதே, என்ன கூத்து இது? தூக்கிடவா?"

அவள் விரல் வைத்துத்தான் நுழைந்திருந்தாள். அதைச் சொல்ல வாய் திறக்குமுன், போனுக்குள் அவள் குரலே பதில் சொன்னது.

"தூக்கிடுங்க, வழக்கம்போல விரல் வைக்க மறந்துட்டுப் போயிருப்பாரு."

"சரி மேடம்."

கதவு பூட்டிக்கொண்டது. ஓடினாள். விரலை வைத்தாள். அப்படி யாருமில்லை என்றது பெட்டி. மறுபடி வைத்தாள். யாருமில்லை.

மேலே குழாய் சீறத் தொடங்கியது. அவள் கையில் பச்சை விளக்கு நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.