அம்மாவின் மலை சைக்கிள்

கட்டிலுக்கு அடியில் ஒரு புதுத் தகரப் பெட்டி இருந்தது. இன்பமேரி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

பெட்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்பா செபஸ்தியான் பம்பாய்க்கு லாரி ஓட்டுகிறவர். லாரிக்குப் பின்னால் ‘ஹாரன் அடிக்கவும்’ என்று எழுதும் பெயிண்டரிடமே கொடுத்து, மூடியில் ‘செ. இன்பமேரி, ஆறாம் வகுப்பு’ என்று எழுதி வாங்கியிருந்தார். பெயிண்டருக்குக் கை அரித்ததோ என்னவோ, பக்கத்துக்கொரு ரோஜாப்பூ வேறு போட்டுவிட்டார்.

அந்தப் பெட்டியோடுதான் அவள் ஜூன் மாதம் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும்.

அம்மாவின் பெயர் வேளாங்கண்ணி. நர்சு. ஏற்காட்டு மலைப்பாதையில் நான்காவது வளைவைத் தாண்டி இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. ஜூனிலிருந்து காலை எட்டு மணிக்கே கதவைத் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. அவர்கள் ஊரான கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைக்குப் போகும் முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினால், போய்ச் சேரும்போது அம்மாவுக்கே ஊசி போட ஆள் வேண்டும்.

“நான் மேல ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன் சாமி. அங்க ஆறாவது இல்ல. நீ ஹாஸ்டல்ல இரு. லீவுக்கு லீவு பாத்துக்கலாம்” என்றார் அம்மா. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்தபடியே நின்றார்.

இன்பமேரிக்கு அழுகை முட்டியது. அழுதால் பஸ் சீக்கிரம் வந்துவிடுமா என்ன?

அடுத்த நாள் அம்மாவும் அவளும் சந்தையிலிருந்து திரும்பினார்கள். கோயில் மேட்டில் அம்மா வழக்கம்போல இறங்கிச் சைக்கிளைத் தள்ளினார். இன்பமேரி தன்னுடைய சின்னச் சிவப்பு சைக்கிளில் இறங்காமலே ஏறிவிட்டாள்.

உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தாள். ‘அம்மாவைவிடவா எனக்குப் பலம்? அப்ப இது எப்படி?’

வீட்டுக்கு வந்ததும் இரண்டு சைக்கிளையும் தலைகீழாகக் கவிழ்த்தாள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பெடலை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினாள். அம்மாவின் சக்கரம் இரண்டரைச் சுற்றுச் சுற்றியது. அவளுடையதோ இரண்டு சுற்றுகூட முடிக்கவில்லை. பெடலோடு இருக்கும் பல்சக்கரத்தை எண்ணினாள். அம்மாவுக்கு நாற்பத்து நாலு பல். அவளுக்கு முப்பத்து இரண்டு.

“ஓகோ! முன்னால சின்னது இருந்தா மேடு லேசா இருக்குது! பின்னால பெரிசு போட்டா இன்னும் லேசாகும்!” என்று கத்தினாள். பக்கத்தில் மேய்ந்த கோழி அலறிக்கொண்டு ஓடியது.

அம்மா சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, சைக்கிள் கடை சென்றாயனிடம் தூக்கிக்கொண்டு போனாள்.

“அண்ணா, மூட்டை ஏத்துற மூணு சக்கர வண்டில பின்னாடி பெரிய பல்லு இருக்குமில்லைங்க? அது ஒண்ணு இதுல மாட்டிக் குடுங்க.”

“ஏம்புள்ள, நர்சம்மா சைக்கிள்ல அரிசி மூட்டை ஏத்தப் போறீங்களா?”

“இல்லைங்க, நர்சம்மாவத்தான் ஏத்தப் போறேன். மலைமேல.”

சென்றாயன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் மூலையில் கிடந்த பழைய வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார்.

முன்னால் போடச் சின்னப் பல்சக்கரம்? அது கடையில் இல்லை. அவளுடைய சிவப்பு சைக்கிளில்தான் இருந்தது. கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று அப்பா கொடுத்த சைக்கிள் அது. இன்பமேரி சீட்டைத் தடவிக் கொடுத்தாள். “கோவிச்சுக்காத. கொஞ்ச நாளைக்குத்தான்” என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தாள்.

வேலை ஒன்றும் சுலபமாக முடியவில்லை. செயின் நீளமாகத் தொங்கியது. நான்கு கண்ணியைக் கழற்றினாள். ஓட்டினால் ‘டக்’ என்று செயின் கழன்றது. மாட்டினாள். மறுபடியும் ‘டக்’. ஏழு தடவை மாட்டிக் கை கரியானதும், ஒரு தையல் நூலை எடுத்து முன்பல்லிலிருந்து பின்பல்லுக்கு இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். பின்பல் அரை விரல் அளவு விலகி நின்றது. அச்சில் இரண்டு வாஷர் போட்டு நகர்த்தியதும் நூல் நேராக நின்றது. செயினும் சமர்த்தாக ஓடியது.

அம்மாவின் சேலை மாட்டாமல் இருக்கச் செயின் மூடியை மறக்காமல் பூட்டினாள். தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றி, பிடித்துப் பிடித்துப் பார்த்து முடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா கடைத்தெருவில் சைக்கிளில் ஏறினார். அடடா, அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது! கால் தையல் மெஷின் மாதிரி பறக்கிறது. சைக்கிளோ நகருவேனா என்கிறது. நடந்து போன ஒரு தாத்தா அம்மாவை முந்திக்கொண்டு போனார்.

“நர்சம்மா, காலு ஏற்காட்டுக்குப் போயிருச்சுங்க! வண்டி இன்னும் இங்கதான் நிக்குது!” என்றார் சென்றாயன். தெருவே சிரித்தது.

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “போதும் மேரி. இருந்ததையும் கெடுத்து வெச்சிருக்கிற. கழட்டிப் போடு.”

அப்போதுதான் வீட்டுச் சுவரோரம் பெடல் இல்லாமல் நின்ற சிவப்பு சைக்கிளின் நினைவு வந்தது அம்மாவுக்கு. “அது... உன் சைக்கிள்ல இருந்து எடுத்ததா?”

“ஆமாம்மா. இது சமதரைக்குச் செஞ்சது இல்லம்மா. மேட்டுக்குச் செஞ்சது. ஒரே ஒரு தடவை கோயில் மேட்டுல ஏறிப் பாரு. முடியலைன்னா நானே ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிக்கிறேன்.”

அம்மா சைக்கிளைக் கோயில் மேட்டுக்குத் திருப்பினார்.

இன்பமேரி கீழேயே நின்று பார்த்தாள். பாதி மேடு. அம்மா வழக்கமாக இறங்கும் புளியமரம் வந்தது. அம்மா இறங்கவில்லை! மெதுவாக, ஒரே சீராக, உச்சி வரைக்கும் போனார். அங்கிருந்து கையை ஆட்டினார். சென்றாயன் வாயை மூட மறந்து நின்றார்.

“ஏறிட்டே. ஆனா இறங்கணுமே!” என்றாள் இன்பமேரி, ஓடிப்போய். “நாளைக்குத் திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவுலயும் நிறுத்து. பிரேக் தேய்ச்சுச் சக்கரத்து ரிம்மு சுடும், இறங்கித் தொட்டுப் பாரு. சுட்டா, ஆறுற வரைக்கும் நகரக் கூடாது. சரியா?”

“சரிங்க டாக்டர்” என்றார் அம்மா.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு அம்மா கிளம்பினார். இன்பமேரிக்கு இட்லி இறங்கவில்லை. நாலரைக்கு வர வேண்டிய அம்மா ஐந்துக்கும் வரவில்லை. ஐந்தரைக்கும் வரவில்லை. ‘பிரேக்கை நான்தானே முடுக்கினேன். கடவுளே, கட்டை தெறிச்சிருந்தா?’ அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஓட்டமும் நடையுமாக ஏறினாள்.

முதல் வளைவுக்கு வந்தாள். சாலையோரக் கட்டைச் சுவரில் அம்மா சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பாதி கொய்யாப்பழம். இன்னொரு கை ரிம்மின் மேல்.

“அம்மா! என்னாச்சு?”

“என்னடி ஆச்சு? கூட்டம் இருந்துச்சு, பூட்டவே அஞ்சாயிருச்சு. அப்புறம் உன் ரிம்மு ஆறவே மாட்டேங்குது! நாலு வளைவுலயும் நாலு கொய்யாப்பழம் தின்னுட்டேன்!”

இன்பமேரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டும் ஒன்றாக வந்தது. அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

“காலையில எத்தனை மணிக்கும்மா போய்ச் சேர்ந்தே?”

“ஏழே முக்காலு. பூட்டைத் தொறந்து, பெருக்கி, தண்ணி புடிச்சு வெச்சு, அப்புறந்தான் மொத ஆளே வந்தாரு.” அம்மா மீதிக் கொய்யாவை அவள் வாயில் திணித்தார். “ரூமும் வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம். வா, ஊட்டுக்குப் போலாம்.”

“இரு இரு!” இன்பமேரி ரிம்மைத் தொட்டுப் பார்த்தாள். “ம்... ஆறிருச்சு. இப்பப் போலாம்.”

அன்று சாயங்காலமே தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ஸ்பேனர், சுத்தியல், எண்ணெய்க் குப்பி, மிச்சம் இருந்த வாஷர், கழற்றிய செயின் கண்ணிகள் எல்லாம் அதற்குள் போயின. இன்பமேரி மூடியைச் சாத்தினாள். ‘செ. இன்பமேரி, ஆறாம் வகுப்பு.’

ரோஜாப்பூகூட அவ்வளவு மோசமில்லை என்று இப்போது அவளுக்குத் தோன்றியது.