சாய்கோடு இல்லாத மாசிலன்

செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் ஒருவர் இறந்தால் உடல் தக்காளிப் பாத்திக்குப் போகும். நினைவு கோப்பாகிக் களஞ்சியத்துக்குப் போகும்; உறவினர் அங்கே வந்து அதோடு பேசலாம். பொழுது சாய்வதற்குள் பெயரிட்டுப் பதியாத நினைவு தானாகவே அழிந்துவிடும். சுகுணவதி காலையில் கணவனைப் பாத்தியில் ஒப்படைத்துவிட்டு, பிற்பகலில் பதிவகத்துக்கு வந்தாள். அழுகை வரவில்லை.

"பேரு மாசிலன் 14/7" என்றாள்.

அங்கே வீட்டு எண்தான் குடும்பப் பெயர். எப்போதோ வீடுகளுக்குப் புதிய எண் கொடுத்தார்கள். பழையதை விட யாருக்கு மனம் வரும்? நடுவே ஒரு சாய்கோடு போட்டு இரண்டையும் சுமந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பதிவன் என்னும் இயந்திரம் பணிவாகச் சொன்னது: "சாய்கோடு ஆகாதும்மா."

"ஏன்?"

"அது எங்களுக்கு வழி காட்டற குறி. எந்த அறை, அதுக்குள்ள எந்தக் கோப்புன்னு அதை வெச்சுத்தான் பிரிப்போம். உங்க வீட்டுக்காரரை 'மாசிலன் 14'ங்கற அறைக்குள்ள போய்த் தேடுவோம். அப்படி ஒரு அறையே கிடையாது. பிள்ளைக்கு வாசல்னு பேர் வெச்சுட்டு, வாசலைச் சாத்துன்னு சொன்னா என்ன ஆகும்?"

"இன்னும் அறை அறையாத்தான் வெச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. எண்பது வருஷமா எல்லாம் ஒரே குவியல்தான். விதியை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லல." பதிவன் திருப்பிக் கேட்டது: "உங்க பழைய எண்ணை இப்ப யாராவது கேக்கறாங்களா?"

"இல்ல."

சன்னலுக்கு வெளியே செவ்வாயின் நீல அந்தி தொடங்கியிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் மாசிலனின் சிரிப்பு, குறட்டை, சண்டை எதுவும் மிஞ்சாது.

"கோட்டையும் பழைய எண்ணையும் எடுத்துடுங்க" என்றாள்.

பதிவாகிவிட்டது. உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"ஒரு தடவை அவரோட பேசிட்டுப் போகட்டுமா?"

பதிவன் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தது. "உங்க வீட்டுக்காரர் பேர்ல கோடு இருக்கு. இங்க பதிவானவர் பேர்ல இல்ல. ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு சான்று வேணும்."

"யார் தரணும்?"

"அவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

சுகுணவதிக்குக் கோபம்கூட வரவில்லை. பூமியில் அவளுடைய முன்னோர், உயிரோடு இருப்பதற்கே ஆண்டுதோறும் சான்று காட்ட வரிசையில் நின்றவர்கள். அந்த ரத்தம் எங்கே போகும்?

"எந்தக் கவுண்டர்ல?" என்று கேட்டாள்.