அனுப்ப அனுமதி இல்லை

மதியம் மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தபோது, பத்து நிமிடத்தில் முடிகிற வேலை என்றுதான் ஒயர் நினைத்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எந்நேரமும் கழுத்தில் கேபிளைச் சுற்றிக்கொண்டு திரிவதால் அந்தக் கட்டடம் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். கம்ப்யூட்டரோ மெயிலோ எது மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. குளிர்பெட்டிகள் அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தன.

"வா தம்பி, நல்ல நேரத்துல வந்தே." வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமே ஆன புது இன்சார்ஜ் அக்கா, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "காலையிலேர்ந்து ஒரு ரிப்போர்ட் போக மாட்டேங்குது. நாலு மணிக்கு ஆபரேஷன். பண்ற டாக்டர் வேறொரு ஆஸ்பத்திரியில காத்துட்டிருக்காரு."

திரையில் ஒரே வரி: 'இந்த முகவரியிலிருந்து அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை.'

ஒயருக்குச் சிரிப்பு வந்தது. கூடத்துக்கென்று ஒரு பொது முகவரி உண்டு. அதிலிருந்து அனுப்பும் உரிமையைப் புது ஆளுக்குக் கொடுக்க யாரோ மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தன் லேப்டாப்பைத் திறந்து, அக்காவின் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் டிக் போட்டான்.

"இப்ப அனுப்புங்க."

அதே வரி.

பட்டியலைத் திரும்பப் பார்த்தான். டிக் இல்லை. மறுபடி போட்டான். சோதனைக்குத் தனக்கே ஒரு மெயில் அனுப்பச் சொன்னான். சமர்த்தாக வந்து சேர்ந்தது. ரிப்போர்ட்டை அனுப்பினால் மட்டும் திரும்பி வந்தது. பட்டியலில் டிக் போயே போயிருந்தது.

யார் எடுத்தது என்று லேப்டாப்பில் பதிவேட்டைத் திறந்தான். படித்ததும் அவன் கை நின்றுவிட்டது.

பெரியம்மா.

பத்தொன்பது வருஷம் இந்தக் கூடத்தை ஆண்டவள். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அனுப்புவாள். டாக்டர்களே அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மதிய வேளையில், இதே நாற்காலியில், மவுஸில் வைத்த கை வைத்தபடியே போய்விட்டாள். மறுநாள் அவள் மெயில் கணக்கை மூடியவனே ஒயர்தான்.

பதிவேட்டில் நேரம் மூன்று நாற்பத்தொன்று என்று இருந்தது. இப்போதுதான். இயக்கிய கம்ப்யூட்டர், அக்காவின் முன்னால் இருப்பதேதான்.

"அக்கா, நீங்க எதையாவது தொட்டீங்களா?"

"நான் கையக் கட்டிட்டுத்தானே இருக்கேன்."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஸ்பிரிட்டுக்கு மேலாக, மெல்ல, தலைவலித் தைலத்தின் காரமான வாடை.

அக்கா மூக்கைச் சுளித்தாள். "யாரு தைலம் தேய்ச்சது?"

பெரியம்மாவின் நெற்றி எப்போதும் தைலத்தில் பளபளக்கும். ஒயருக்கு அது நன்றாகத் தெரியும்.

கடைசியாக ஒரு முறை டிக் போட்டான். இமைக்காமல் பார்த்தான்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக, அது மறைந்தது.

குளிர்பெட்டிகளின் முனகல் ஒட்டுமொத்தமாக நின்றது.

"தம்பி..." அக்கா திரையைக் காட்டினாள். "இங்க பாரு."

அவள் எதையும் அழுத்தவில்லை. ஆனால் திரையில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

'இதை அனுப்ப உங்களுக்கு அனுமதி இல்லை.'

இத்தனை வருஷத்தில் எந்த மெயிலும் அப்படிச் சொல்லி ஒயர் பார்த்ததில்லை.

"அக்கா," என்றான் கிசுகிசுப்பாக, "இந்த ரிப்போர்ட்ல என்ன இருக்கு?"

"மார்புல கட்டி. புத்துநோய்னு வந்திருக்கு. எடுக்கப்போறாங்க."

"சாம்பிள் நம்பரை இன்னொரு தரம் பாருங்களேன்."

"பார்த்துட்டேன்ப்பா. பேரு, வயசு எல்லாம் சரியா..."

"நம்பர் அக்கா. நம்பரை மட்டும் பாருங்க."

அவள் நோட்டை இழுத்து விரல் வைத்துப் பார்த்தாள். விரல் ஒரு வரியில் நின்றது. இன்னொரு வரிக்கு இறங்கியது. மறுபடி மேலே வந்தது.

"ஐயோ... ரெண்டு பேரு தம்பி. அதே பேரு, அதே வயசு. இது இன்னொருத்தியோடது. ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிறவளுக்கு வெறும் கொழுப்புக்கட்டிதான். நோய் இருக்கிறவளுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருப்பேனே..."

அழ நேரமில்லை. சரியான ரிப்போர்ட்டை இணைத்தாள். ஒயர் டிக் போட லேப்டாப் பக்கம் திரும்புவதற்குள் அவள் பதற்றத்தில் பொத்தானை அழுத்திவிட்டாள்.

மெயில் போய்விட்டது.

பட்டியலில் அவள் பெயருக்கு நேரே டிக் இருந்தது. அதை ஒயர் போடவில்லை.

குளிர்பெட்டிகள் மறுபடி முனகத் தொடங்கின. மணி மூன்று ஐம்பது. மெயிலை மட்டும் நம்பி இருக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. செல்போனில் டாக்டரைப் பிடித்து, ஒயருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டர், ஆபரேஷனை நிறுத்திடுங்க. ரிப்போர்ட் மாறிப்போச்சு, தப்பு என்னோடதுதான்..."

"தெரியும்மா, பதறாதீங்க. நிறுத்தி அரை மணி ஆச்சு." டாக்டரின் குரலில் சிரிப்பு இருந்தது. "நான் ஆறு மாசம் வெளிநாட்டுல இருந்துட்டு நேத்துதான் வந்தேன். வந்ததும் வராததுமா போன்ல உங்க பெரியம்மாகிட்ட திட்டு. 'நான் சொல்ற வரைக்கும் கத்தியத் தொடாதே'ன்னுட்டாங்க. குரல்தான் என்னமோ கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருந்துச்சு. உடம்புக்கு முடியலையா அவங்களுக்கு?"

அக்கா ஒயரைப் பார்த்தாள்.

"ஹலோ? ஒரு நிமிஷம் இருங்கம்மா," என்றார் டாக்டர். "உங்க கூடத்து நம்பர்லேர்ந்து இன்னொரு கால் வருது. அவங்கதான்."

ஒயர் மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

மேஜையின் மூலையில் கூடத்தின் தொலைபேசி இருந்தது. ரிசீவர் வைத்தது வைத்தபடியே கிடந்தது. யாராவது பேசும்போது மட்டும் எரிகிற அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.