இன்னொண்ணு எங்கடா?

வாசல் பலகையில் அர்வோவின் இடது பூட்ஸ் மட்டும் கிடந்தது.

ஐலி காப்பிக் கோப்பையோடு குனிந்து பார்த்தாள். தோலெல்லாம் எச்சில், கயிற்றின் நுனி மெல்லப்பட்டு நார் நாராகத் தொங்கியது. சற்றுமுன்தான் அவள் தம்பி அர்வோ அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, ஏரிக்கரையில் இருந்த நீராவிக் குளியல் குடிசையான சவுனாவுக்கு விறகு பிளக்கப் போயிருந்தான். மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் அந்த வடதேசத்து நவம்பர் இருட்டு பைன் மரங்களுக்கு நடுவே இறங்கியிருந்தது. கீழே எங்கோ கோடரி விழுந்துகொண்டிருந்த சத்தம் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. காற்றில் புகை வாசனையோடு ஏரிச்சேறும் நனைந்த ரோமமும் கலந்த ஒரு வாடை லேசாக வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுதை வயதாகியும் இவனுக்குக் குறும்பு போகவில்லை. ரெக்கு மாதிரியே செய்து காட்டுகிறான்.

ரெக்கு அவர்கள் சிறுவயதில் வளர்த்த நாய். சரியான திருட்டுப்பயல். விருந்தாளிகள் வாசலில் கழற்றிவிட்ட ஜோடிகளில் ஒற்றையை மட்டும் கவ்விக்கொண்டு ஓடிவிடுவான். "இன்னொண்ணு எங்கடா?" என்று கேட்டால் அதையும் கொண்டுவருவான். ஆனால் "நல்ல பையன்" என்று சொல்லும்வரை வாயிலிருந்து விடமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசலில் உட்கார்ந்து ஒரு காலணியைக் கழற்றியதுமே அது காணாமல் போயிற்று. பிள்ளைகள் வழக்கம்போலக் கேட்டார்கள். இன்னொன்று போதகரின் காலில் இருந்தது. ரெக்கு காலோடு சேர்த்து இழுத்து வந்தான். ஐலிக்கும் அர்வோவுக்கும் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. "நல்ல பையன்" என்று சொல்ல வாய் வரவில்லை. கணுக்கால் நொறுங்கிய பிறகுதான் போதகரின் அலறல் அவர்களுக்கு உறைத்தது. அன்று மாலையே அப்பா ரெக்குவைச் சுட்டு, சவுனாப் படிக்கடியில் புதைத்தார். ஐலி வாரக்கணக்கில் அழுதாள்.

உளுத்துப்போன அந்தப் படியை இன்று காலை அர்வோ பெயர்த்துப் போட்டான். உள்ளே கிடந்த மண்டையோட்டை ஏரியில் வீசிவிட்டதாகச் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னான். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

இருந்தாலும் விளையாட்டுக்கு விளையாட்டு. கையை வாயருகே குவித்து, இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ரெக்கு! இன்னொண்ணு எங்கடா?"

கீழேயிருந்து அர்வோவின் குரல் வந்தது. சலிப்பான குரல்.

"ஐலி, வெளையாடாத. சிலாம்பு குத்துதேன்னு கழட்டி வச்சேன், அதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டே. கொண்டா, கால் வெறைக்குது."

அவள் கையிலிருந்த கோப்பை சாய்ந்தது. காப்பி விரல்களில் கொட்டியது. சுடுவது தெரியவில்லை.

"அர்வோ, கால்ல இருக்குற பூட்ஸக் கழட்டிடு. இப்பவே கழட்டு!"

"என்னது?"

பிறகு அவன் அலறினான்.

விறகு சரிந்தது. கோடரி கல்லில் விழுந்தது. ஏதோ இழுபடும் சத்தம். நின்றது. மறுபடி இழுபட்டது. உறைந்த புல் நொறுங்க நொறுங்க மேலே ஏறி வந்தது. அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அர்வோ கத்தினான். வாசலின் ஒவ்வொரு படியிலும் அவன் தலை இடித்தது.

விளக்கு வெளிச்சத்துக்குள் முதலில் வந்தது வால். உற்சாகமாக ஆடும் வால். பின்பக்கமாகவே நடந்து வந்தது அது. ரோமத்தில் ஏரித்தண்ணீர். நெற்றியில் அப்பா போட்ட ஓட்டை. வாயில் வலது பூட்ஸ். பூட்ஸுக்குள் கால். காலுக்குப் பின்னால் அர்வோ, பலகையில் நகங்கள் பெயர.

இடது பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தது. ஆனால் வாயை எடுக்கவில்லை. அவளை அண்ணாந்து பார்த்தது.

"சொல்லு," என்றான் அர்வோ. "ஐலி, சொல்லித் தொலை."

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அது பொறுமையாகக் காத்திருந்தது. பற்கள் இன்னும் கொஞ்சம் இறங்கின. எலும்பு முறிந்தது. வால் மட்டும் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது.