முப்பத்தொரு மதிப்பெண்

பிற்பகல் மூன்று பத்துக்கு வந்த அழைப்பில் எட்வின் ராயப்பன் "சாப்பிட்டியளா மேடம்" என்று கேட்கவில்லை. அங்கயற்கண்ணிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கரைக்காவல் புலனகத்தின் மூன்றாம் தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். வேறு ஆட்களாக வேடமிட்டு எதிரிக் கூட்டங்களுக்குள் வாழும் உளவாளிகளின் அழைப்புகளை ஏற்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். எட்வின் அவர்களில் ஒருவன். கப்பல்களின் இயக்கக் கணினிகளை ஊடுருவி நாசம் செய்யும் ஒரு கும்பலுக்குள் பதினான்கு மாதங்களுக்கு முன்பு நுழைந்தவன். ஐந்து மாதமாக அவனிடமிருந்து பேச்சே இல்லை.

"மேடம்." நீண்ட இடைவெளி. "நீலாம்பல். கப்பல். உள்ள விடாதிய."

அவள் எதிரே இருந்த மெய்யறி தன் பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. யாருடைய குரலையும் யாரும் நொடியில் செய்துவிடக்கூடிய காலம் அது. ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு கலெக்டரின் போலிக் குரல் சொன்னதை நம்பி ஒரு பொறியாளர் அணையைத் திறந்துவிட்டார். நான்கு ஊர்கள் மூழ்கின. அதற்குப் பிறகு வந்ததுதான் மெய்யறி. அது குரலின் ஓசையை மட்டும் பார்ப்பதில்லை. ஒருவர் எங்கே மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லைத் தேடித் தடுமாறுவார், எதைச் சொல்லிச் சிரிப்பார் என்று எல்லாவற்றையும் சேர்த்து அவருடைய பேச்சுரேகையாகப் பதிந்து வைத்திருக்கும். பேசுபவர் அந்த ரேகையோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். தொண்ணூறுக்கு மேல் வந்தால் அவரேதான். அறுபதுக்குக் கீழே வந்தால் போலி. அறுபதுக்குக் கீழான குரலை நம்பி நடவடிக்கை எடுக்கும் அதிகாரிக்கு ஏழு வருடச் சிறை.

எட்வினுக்கு வந்த மதிப்பெண் முப்பத்தொன்று.

அவள் விதியை மீறி ஒரு கேள்வி கேட்டாள். ரகசியக் கேள்விகளைப் புலனகம் எப்போதோ தடை செய்திருந்தது, பதிவில் ஏறிய எந்த ரகசியமும் ரகசியமாக நிற்பதில்லை என்பதால். ஆனால் இது பதிவில் ஏறாத ஒன்று. அவன் கிளம்பிப்போன அன்று ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, தன் விவாகரத்தைப் பற்றி அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அன்றைக்கு நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று கேட்டாள்.



"மறந்துட்டுது மேடம். அடிச்சதுல நெறைய போயிட்டுது. கப்பல மட்டும் மறக்கல." பல் இல்லாதவன் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லும் வழுக்கியது. "அஞ்சு மணிக்கு கொற்கைமுனைக்கு வருது. அம்மோனியா. வால்வு எல்லாம் அவனுவ கையில. கரையில கட்டுனதும் தொறப்பானுவ."

தப்பி வந்து ஏறிய ஒரு மீன்பிடி விசைப்படகின் செயற்கைக்கோள் பேசியிலிருந்து அழைக்கிறேன் என்றான். அத்தோடு தொடர்பு அறுந்தது.

அவள் இன்னும் காதிலிருந்து கேட்பொறியைக் கழற்றவில்லை. ஐந்து நிமிடத்தில் அடுத்த அழைப்பு வந்தது.

"சாப்பிட்டியளா மேடம்? எட்வின்தான். சாவல, கவலப்படாதிய."

அதே பழைய எட்வின். சொல்லுக்குச் சொல் சிரிப்பு. தூத்துக்குடிக்காரனின் அதே இழுவை. கும்பலை உடைத்துவிட்டதாகவும், நீலாம்பல் கப்பல் சுத்தம் என்றும், அதில் நம் ஆட்கள் இருவர் வருவதாகவும், கப்பலைக் கடலில் நிறுத்திவைத்தால் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்றும் மளமளவென்று சொன்னான். என் குரலில் எவனாவது பேசினால் நம்பாதீர்கள் என்றும் சொல்லி வைத்தான்.

மதிப்பெண் தொண்ணூற்றேழு.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதினான்கு மாதம் எதிரிகளுக்கு நடுவே கிடந்த மனிதனிடம் பதினான்கு மாதத்தின் சுவடே இல்லாதது எப்படி என்ற ஒரு கேள்வி மட்டும்தான் அவளிடம் இருந்தது.

இணை இயக்குநர் நாச்சிமுத்துவின் அறைக்குப் போய் இரண்டு அழைப்புகளையும் போட்டுக் காட்டினாள். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த மனிதர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். நேற்று ஒரே நாளில் இருநூற்றுப் பதினான்கு போலி எச்சரிக்கைகள் வந்ததை நினைவுபடுத்தினார். ஒவ்வொன்றையும் நம்பினால் நாட்டில் ஒரு ரயில் ஓடாது, ஒரு கப்பல் கரை சேராது, எதிரிக்கு வேண்டியதும் அதுதானே என்றார்.

"பாருங்க அம்மணி, தொண்ணூத்தேழ வுட்டுப்போட்டு முப்பத்தொண்ண நம்புனேன்னு நான் எங்க போயி சொல்றதுங்க?"

அவள் தன் இருக்கைக்குத் திரும்பினாள். மணி மூன்றரை. அங்கிருந்து நாற்பது நிமிடம் அவள் ஒன்றும் செய்யவில்லை. பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அந்த நாற்பது நிமிடம் ஏன் சும்மா இருந்தாள் என்பது அவளுக்கே பிடிபடவில்லை. ஏழு வருடம் என்பதை நினைத்தாள். அணையைத் திறந்த அந்தப் பொறியாளர் தூக்கில் தொங்கியதை நினைத்தாள். மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினாள். மறுபடியும் கலைத்து அடுக்கினாள்.

நான்கு பத்துக்குக் கொற்கைமுனைத் துறைமுகப் பாதுகாப்பு அறையை நேரடியாக அழைத்தாள். கப்பலை நிறுத்துங்கள், பொறுப்பு என்னுடையது என்று சொல்லத் தொடங்கினாள். நாக்கு உலர்ந்திருந்தது. சொற்கள் முன்பின்னாக வந்தன. பாதியில் ஒரு பெண்ணின் இனிய இயந்திரக் குரல் குறுக்கிட்டது. பேசுபவரின் மதிப்பெண் ஐம்பத்து மூன்று, அழைப்பு துண்டிக்கப்படுகிறது என்றது.

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அழைத்தாள். நாற்பத்தேழு. மூன்றாம் முறை, நிதானமாகப் பேசவேண்டும் என்ற நினைப்பே சொற்களை இன்னும் கலைத்தது. நாற்பத்து நான்கு. அதற்குப் பிறகு அந்த எண் அவளை ஏற்கவே மறுத்தது.

நாச்சிமுத்துவின் அறைக்கு ஓடினாள். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பேசியை எடுத்தார். எண்களை அழுத்தினார். கடைசி எண்ணுக்கு முன்னால் அவர் விரல் நின்றது. மெல்ல வைத்துவிட்டார்.

"என்ற குரலும் நடுங்குது அம்மணி," என்றார்.

நீலாம்பல் ஐந்து ஐந்துக்குக் கரையணைந்தது. ஐந்து இருபதுக்கு அதன் வால்வுகள் தாமாகவே திறந்துகொண்டன. காற்று கடலிலிருந்து கரைக்கு வீசிக்கொண்டிருந்தது. சரக்கு இறக்குபவர்கள் பாதிப் பேர் மேல்தளத்திலேயே விழுந்தார்கள். இறந்தவர்களில் மற்றவர்கள் எல்லாம் துறைமுக மதில் சுவரை ஒட்டிய குடியிருப்பில், அடுப்பில் உலையும் கையில் குழந்தையுமாக இருந்தவர்கள். எழுபத்தொரு பேர்.

மறுவாரம்தான் விஷயம் வெளியே வந்தது. புலனகத்தின் பேச்சுரேகைக் கிடங்கை யாரோ எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். போலி எட்வினை அந்தப் பதிவிலிருந்துதான் செய்திருந்தார்கள். மெய்யறியும் ஒப்பிட்டது அதே பதிவோடுதான். போலி அச்சாகப் பொருந்தியதில் ஆச்சரியம் இல்லை. பொருந்தாமல் போனது மனிதன்தான். ஐந்து மாதம் கும்பலின் கப்பல் ஒன்றின் அடித்தளத்தில் சங்கிலியில் கிடந்து, பல் உடைந்து, சிரிப்பு மறந்து, சொந்த மொழியே துருப்பிடித்துப் போனவன்.

விசைப்படகு அவனை மூன்றாம் நாள் கரை சேர்த்தது. மெய்யறியில் தேறாததால் அடையாளமற்ற நபர் என்று எழுதித் தடுப்பு முகாமில் வைத்தார்கள். கைரேகையும் கண்ரேகையும் செல்லாதென்று சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது, அவற்றையும் திருடலாம் என்பதால். அவன் மனைவி ஜெசிந்தா வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, இது என் வீட்டுக்காரர்தான் என்று எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அங்கயற்கண்ணி போனபோது அவன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பாதியாகச் சுருங்கியிருந்தான். அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எத்தன பேரு மேடம்?"

அவள் சொன்னாள். அவன் வாய்க்குள் எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல உதடுகள் அசைந்தன.

"நான் இன்னும் கொஞ்சம் நல்லா பேசிருக்கணும்," என்றான்.

விசாரணை ஆணையத்தில் நான் எல்லாவற்றையும் சொல்கிறேன், நீ யார் என்பதையும், நான் நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்ததையும் சொல்கிறேன் என்றாள். அவள் சாட்சியம் பதிவானால் அவனை எட்வின் என்று ஏற்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதைத் தவிர வேறு வழியும் இல்லை.

அடுத்த மூன்று வாரம் அவள் சரியாகத் தூங்கவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சாட்சியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். குடியிருப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் உடைந்தது.

ஆணையத்தின் தலைவர் ஓய்வு பெற்ற பெண் நீதிபதி. கனிவாகத்தான் உட்காரச் சொன்னார். கிடங்கு களவுபோனது தெரிந்தும் சட்டம் மாறவில்லை; உறுதிமொழியை மெய்யறியில்தான் படிக்க வேண்டும் என்றார்கள். அங்கயற்கண்ணி படித்தாள். எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள்.

முப்பத்தெட்டு.

"உங்களை நம்பலைன்னு இல்லம்மா," என்றார் நீதிபதி. "ஆனா சட்டப்படி நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

அவள் எழுந்து நின்றாள். நான்தான் அங்கயற்கண்ணி, நான்தான் அந்த அழைப்பை எடுத்தேன், எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன் என்றாள். எழுத்தரின் விரல்கள் அசையவில்லை. தேறாத குரல் சொல்வதைப் பதிவில் ஏற்றக் கூடாது என்பது விதி.

அதிகாரியின் சாட்சியம் இல்லாமல் ஆணையம் அறிக்கை கொடுக்க முடியாது. இறந்துபோன அதிகாரிகளுக்கும் காணாமல்போனவர்களுக்கும் செய்வதையே செய்தார்கள். அவளுடைய பேச்சுரேகையிலிருந்து, அவளைப்போலவே பேசும் குரற்படிமத்தை எழுப்பினார்கள். அன்றைய அழைப்புப் பதிவுகளையும் ஆவணங்களையும் அதற்குக் கொடுத்தார்கள். எழுத்தர் அவளிடம் வந்து, சங்கடத்தோடு, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே காத்திருக்கச் சொன்னார்.

நடைபாதையில் ஒரு பெஞ்சு இருந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை.

உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். சீரான, தெளிவான, பதினோரு வருட அனுபவம் தெரியும் குரல். முப்பத்தொரு மதிப்பெண் பெற்ற எச்சரிக்கையை நிராகரித்ததும், தொண்ணூற்றேழு பெற்றதை ஏற்றதும் விதிப்படியே நடந்தன என்றது. தடுப்பு முகாமில் இருப்பவரை எட்வின் ராயப்பன் என்று உறுதி செய்யத் தன்னிடம் எந்த ஆதாரமும் இல்லை என்றது. நீதிபதி மதிப்பெண்ணைக் கேட்டார். தொண்ணூற்றெட்டு என்றார் எழுத்தர். அறைக்குள் நாற்காலிகள் நிம்மதியாக அசைவது கேட்டது.

இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று நீதிபதி கேட்டார்.

அந்தக் குரல் சரியாக அவள் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கியது.

"அறுபதுங்கிறது ரொம்பக் கம்மி மேடம்," என்றது. "எழுபத்தஞ்சா ஆக்கிடலாம்."